பகலில் தூங்கியவர்

ஜனவரி 19

அக்கா,

இல்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. போனில் நீ அதைக் கேட்டபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். கையைத் தாழ்த்தி "மெல்ல" என்று காட்டினாள். போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். இந்த வீட்டில் வாயால் சொல்ல முடியாததை எழுதித்தானே பழக்கம்.

அன்றும் விடிந்த பிறகுதான் அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரவு வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் இரவில் தூங்க அவருக்குத் தெரியவில்லை. நாங்களும் எப்போதும்போல இருந்தோம். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி நூலகத்துக்குப் போனேன். மதியம் சிலிண்டர்காரர் வந்தாராம். அம்மா வாசலிலேயே மறித்து, உருட்டாமல் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாள். சாப்பிட்ட பாத்திரங்களைத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள். கழுவுவது அவர் எழுந்த பிறகுதானே.

மாலையில் நான் திரும்பியபோது கதவு சாத்தியே இருந்தது. "இன்னிக்கு அசந்து தூங்குறாரு, விடு," என்றாள். விட்டேன். தெருவிளக்கு எரிந்து வெகுநேரம் ஆன பிறகுதான் உள்ளே போனோம்.

உயிர் காலையிலேயே போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். தூக்கத்தில். வலி இருந்திருக்காது என்றார்.

ஆக, அந்தப் பகல் முழுக்க அவரை எழுப்பிவிடக் கூடாது என்று நாங்கள் இரண்டு பேரும் கவனமாக இருந்திருக்கிறோம்.

மறுநாள் கீழ்வீட்டம்மா குரலெடுத்து அழ ஆரம்பித்தபோது அம்மா அவள் தோளைத் தொட்டு, "மெல்ல" என்றாள். பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

நீ வருவாய் என்று காத்திருந்தோம். லீவு கிடைக்கவில்லை என்றார் அத்தான். சரி.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே அம்மாவுக்கு இருமல் மட்டும். இன்னமும் தலையணையில் வாயைப் புதைத்துத்தான் இருமுகிறாள்.

சின்னவள்

*

பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

நான் நலம். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போ. தலையணை மருந்தாகாது.

உன் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

பாலர் பள்ளியில் எனக்குக் கத்துவதற்குத்தான் சம்பளம் என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். "நல்லது. நம்ம வீட்ல சேத்து வச்ச சத்தத்தையெல்லாம் நீயே செலவு பண்ணிடு," என்றார்.

வர முடியவில்லை. அவ்வளவுதான். அதைப் பற்றி வேறொன்றும் கேட்காதே.

அவர் அறைத் திரையை மட்டும் கழற்ற வேண்டாம். நான் வரும்வரை இருக்கட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

கேட்கவில்லை. ஆனால் உன் வரிகள் ஏன் இப்படி மேலே மேலே ஏறிப் போகின்றன? படுத்துக்கொண்டே எழுதினாயா? சோம்பேறி.

அம்மாவுக்கு மருந்து வாங்கியாயிற்று. இருமல் குறைந்திருக்கிறது.

நேற்று சங்கு வந்தார். உனக்கு நினைவிருக்கும், ரொட்டித் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை பார்த்தவர். ஆலைச் சங்கு மாதிரிப் பேசுவதால் வந்த பெயர். உள்ளே வந்ததுமே,

"என்னம்மா, வீடு ஆஸ்பத்திரி மாதிரிக் கெடக்கு?" என்றார்.

"மெல்லப் பேசுங்க," என்றாள் அம்மா.

"இப்ப யாரு தூங்குறா?"

அம்மா அப்பாவின் அறைப் பக்கம் திரும்பினாள். அவர் அந்தக் கதவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். அதன்பிறகு கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பு எப்படியும் கீழ்வீடு வரை போயிருக்கும்.

அடுப்புக்கூடத்து வாசலில் அப்பாவின் படத்தை மாட்டப்போகிறார்களாம். கீழே நான்கு வரி வேண்டுமாம். "நீ பெரிய படிப்புப் படிச்ச பொண்ணு. நாலு வரி என்ன, நாப்பது எழுதுவ," என்றார்.

உட்கார்ந்தேன். "கடினமாக உழைத்தார். குடும்பத்தை நேசித்தார்." படித்துப் பார்த்தேன். எந்த ஊரில் எந்த மனிதர் படத்துக்குக் கீழேயும் இதை ஒட்டலாம்.

எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். ஒரு கதவு தெரியும். பழைய போர்வைகளைச் சேர்த்து அம்மா தைத்த கறுப்புத் திரை தெரியும். அவர் எழுந்து கிளம்பும் மாலை நேரத்தில் சட்டைக் கைக்குள் போய் மறையும் அடுப்புத் தழும்புகள் தெரியும். சமையலறைக் கதவில் தொங்கும் சிலேட்டு தெரியும். "பால் தீர்ந்துவிட்டது" என்று அம்மா. "எனக்குப் பரிசு கிடைத்தது" என்று நான். அடுத்த நாள் காலையில் அதன் கீழே கோணல் எழுத்தில் "சபாஷ்" என்றிருக்கும். என் அப்பாவின் குரல் சாக்குக்கட்டியால் ஆனது.

சின்ன வயதில் என் போர்வையின் கால்மாடு எப்போதும் வெள்ளையாக இருக்கும். "சாக்குக்கட்டிய வச்சுக்கிட்டே தூங்குறியா?" என்று அம்மா அடிக்குரலில் திட்டுவாள். அவளுக்குச் சிரிப்பும் அடிக்குரலில்தான்.

நூலக வேலைக்கான நேர்காணலில் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து என்று சொல்லியிருக்க வேண்டும்.

நீ அவரை விழித்திருக்கும்போது பார்த்தவள். எழுது. எதுவானாலும் சரி.

சின்னவள்

*

மார்ச் 30

சின்னவளுக்கு,

தாமதமாகிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

அவர் எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டுவார். ரொட்டி வெந்துவிட்டதா என்று அப்படித்தானே பார்ப்பார்கள். கவிழ்த்து அடியில் தட்டி, காதை வைத்துக் கேட்க வேண்டும். வெந்ததற்கு ஒரு சத்தம், வேகாததற்கு ஒரு சத்தம். அந்தப் பழக்கம் கையிலேயே தங்கிவிட்டது. கதவைத் தட்டுவார். தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவார். என் தலையைத் தட்டிக் காதை வைத்து, "உள்ள ஒண்ணுமில்ல, காலி," என்பார்.

சின்ன வயதில் நானும் அவரும் பகலில் பஸ்ஸில் போவோம். எனக்கு ஜன்னலோரம். ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அத்தனை பெரிய தலை, இத்தனை சின்னத் தோள். தலைமுடியில் புளித்த மாவு வாசனை. இறங்கும் இடம் வந்தால் நான்தான் எழுப்ப வேண்டும். கூப்பிட்டால் எழ மாட்டார். மூக்கைப் பிடிக்க வேண்டும். "அய்யோ, கப்பல் கவுந்துடுச்சா?" என்று எழுவார். தினமும் அதே கப்பல். தினமும் சிரிப்பேன்.

இது போதுமா உன் நான்கு வரிக்கு?

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

மூக்கைப் பிடித்தாயா.

அந்த வரிக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. அவர் மூக்கு எப்படி இருக்கும் என்று நான் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பரிசு வாங்கிய அன்று படியெல்லாம் ஓடி வந்தேன். அவர் கதவில் கையை வைத்தேன். தள்ளினால் திறந்துவிடும். உள்ளே மூச்சு கேட்டது. நின்றேன், நின்றேன், கை வியர்க்கும்வரை நின்றேன். பிறகு போய்ச் சிலேட்டில் எழுதினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதுதான் விசித்திரம். கதவுக்குப் பூட்டே கிடையாது.

பொறாமை இல்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய். எனக்குப் பொறாமைதான்.

எங்கே போனீர்கள் இருவரும், அப்படித் தினமும், பகலில்? அவர் தூங்க வேண்டிய நேரத்தில்? அம்மாவைக் கேட்டேன். "அவளையே கேளு," என்று துணி மடிக்கப் போய்விட்டாள். ஏற்கெனவே மடித்திருந்த துணி.

சின்னவள்

*

ஏப்ரல் 27

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சங்கு மறுபடி வந்தார். நான்கு வரி தயாரா என்றார். இல்லை என்றேன். அம்மா கடைக்குப் போயிருந்ததால் அவர் தன் சொந்தக் குரலில் பேசினார். வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்தன. நன்றாகவே இருந்தது.

அப்பாவுக்கு இரவு வேலையை யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"குடுக்குறதா? யாரும் அவரு தலைல கட்டல தாயி. கேட்டு வாங்குனாரு. ராத்திரி அடுப்பு எனக்குத்தான் விழுந்துச்சு. 'பகல நீ எடுத்துக்கடா, ராத்திரிய எனக்குக் குடு'ன்னாரு. பைத்தியமாண்ணே உங்களுக்குன்னேன். பெரியவளுக்குக் கால் சரியில்ல, பகல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்னாரு. விடிய விடிய அடுப்புல நின்னுட்டு, நேரா புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுப் போவாரு. எத்தனையோ வருசம்."

"அக்கா நடந்த பிறகு?"

"அதத்தான் சொல்றேன். நீ பொறந்தப்ப நானே போய்க் கேட்டேன். 'அண்ணே, பெரியவதான் நடக்குறாளே, மாத்திக்கலாம்'னு. 'இருக்கட்டும்டா'ன்னுட்டாரு."

"ஏன்?"

"கேட்டா சொல்ற ஆளா உங்கப்பா? அந்த வாய் கொட்டாவிக்குத்தான் தொறக்கும்."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தான் பகலை எடுத்துக்கொண்டது தப்பா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் பிள்ளைகள் அவரோடு சத்தமாகப் பேசி வளர்ந்திருப்பார்கள்.

உன் நடையில் ஒரு சின்னத் தயக்கம் உண்டு. அது உன் குணம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

உனக்காக இரவை வாங்கிக்கொண்டார். சரி, அது புரிகிறது. எனக்கு ஏன் பகலைத் தரவில்லை? பகல் அவர் கைக்கே வந்திருக்கிறது. வேண்டாம் என்றிருக்கிறார். நான் பிறந்திருந்தேன், அக்கா. அந்த வீட்டில்தான் இருந்தேன்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும்.

சின்னவள்

*

மே 10

சின்னவளுக்கு அத்தான் எழுதுவது.

எழுதாதே என்று உங்க அக்கா சொல்லியிருக்கிறாள். அதனால் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவு கிடைக்கவில்லை என்று ஜனவரியில் நான் சொன்னது பொய். சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

அப்பா போவதற்கு முந்தின வாரம் பள்ளிக்கூடப் படியில் விழுந்துவிட்டாள். அதே இடது கால். அப்பா போன செய்தி வந்த அன்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தாள். உங்களிடம் சொல்லவா என்று கேட்டேன். "கால்னு சொன்னா அப்பா எந்திரிச்சு வந்துடுவார், வேணாம்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எலும்பு சரியாகச் சேராமல் ஏப்ரலில் மறுபடி அறுவை செய்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள்.

எனக்குப் பயம் வேறு. உன் கடைசிக் கடிதம் வந்ததிலிருந்து அவள் பேசுவதில்லை. கத்துகிற மனுஷி. பகல் முழுக்க வீடு நிசப்தமாக இருக்கிறது. இதில் எனக்குப் பழக்கமில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

*

மே 16

பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

கால் விஷயம் சின்னவள் படித்துக் காட்டினாள். மறைத்தது சரியில்லை. திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. நன்றாகச் சாப்பிடு. எலும்பு சேரும்போது அரிக்கும், சொறியாதே. முன்பு அப்பா துடைப்பக்குச்சியை விட்டுச் சொறிந்துவிட்டு டாக்டரிடம் இரண்டு பேரும் திட்டு வாங்கினீர்கள்.

சின்னவள் கேட்பதைச் சொல்லிவிடு. எனக்குத் தெரியும். நான் சொன்னால் அழுதுவிடுவேன், சத்தம் வரும்.

*

மே 29

சின்னவளுக்கு,

படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சோம்பேறி என்றாயே, அன்றைக்கு நிறையச் சிரித்தேன்.

நடக்க ஆரம்பித்த பிறகுதான் என் கால் சரியில்லை என்று தெரிந்ததாம். கட்டுப் போடுவார்கள், பிரிப்பார்கள், மறுபடி போடுவார்கள். நடுவில் பயிற்சி. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு நீளமான மரப்பெஞ்சு. அதில் என்னை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். எங்கள் முறை வந்தால் மூக்கைப் பிடிப்பேன். அவரை எழுப்ப உரிமை உள்ள ஒரே ஆள் உலகத்தில் நான்தான் என்று எனக்கு ஒரு கர்வம். தினமும் கட்டின்மேல் முட்டியால் தட்டிக் காதை வைப்பார். "இன்னும் வேகல." கடைசிக் கட்டைப் பிரித்த அன்று டாக்டருக்கு முன்னாடியே தட்டிப் பார்த்துவிட்டு, "வெந்துடுச்சு, எடுத்துடுங்க," என்றார். டாக்டருக்குப் புரியவில்லை.

பிறகு நீ பிறந்தாய்.

பகல் வேலைக்கு ஏன் மாறவில்லை என்று நானும் கேட்டேன். எனக்குக் குற்றவுணர்வு என்ற வார்த்தையெல்லாம் அப்போது தெரியாது, ஆனால் எல்லாம் என் காலால் வந்தது என்று நினைத்தேன். அவர் தொட்டிலைக் காட்டினார். "உனக்கும் நடக்குறப்பதானே தெரிஞ்சுது. இவளுக்கும் அப்படி வந்தா? பகல் என் கையில இருக்கட்டும்."

உனக்காக வைத்திருந்தார். நீ நடந்தாய். ஓடினாய். படியெல்லாம் தாவி ஏறினாய். அந்தப் பகல்கள் தேவைப்படவில்லை. அவற்றில் தூங்கினார். நீ ஓட ஆரம்பித்த பிறகாவது மாறியிருக்கலாம். அதற்குள் உடம்பு அப்படியே பழகிவிட்டது, அவருக்கும் வீட்டுக்கும்.

இன்னொன்று. இதை உனக்கு யாரும் சொல்லவில்லை என்பதே எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நாம் இரண்டு பேரும் ஒரே அறையில்தானே படுப்போம். விடிகாலையில் அவர் வரும் சத்தத்துக்கு நான் விழித்துக்கொள்வேன். மாவு படிந்த சட்டையைக்கூட மாற்றாமல் நேராக உன் கால்மாட்டுக்கு வருவார். போர்வையை விலக்குவார். உன் குதிகாலில் முட்டியால் மெல்லத் தட்டிக் குனிந்து காதை வைப்பார். ஒரு கால். பிறகு அடுத்த கால். என்ன கேட்டதோ. நிமிரும்போது என்னைப் பார்த்துவிட்டால் உதட்டில் விரலை வைப்பார். மெல்ல, அவ தூங்குறா.

நீ ஒருநாளும் எழுந்ததில்லை. நான் கல்யாணமாகிப் போகும்வரை இதைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு எனக்குத் தெரியாது.

உன் போர்வையில் இருந்தது சாக்குக்கட்டி இல்லை.

கட்டுக்குள் அரிக்கிறது. எங்கே தட்டிப் பார்ப்பது என்று தெரியவில்லை. நானே தட்டினால் கேட்கவில்லை.

அக்கா

*

ஜூன் 4

அக்கா,

நீ போன பிறகும் என் போர்வை வெள்ளையாகத்தான் இருந்தது. நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும். அவர் அடுப்பை விட்டு நின்ற வருடம்தான் அது நின்றது. அம்மா புது சோப்பு வாங்கியதால் என்று நினைத்தோம்.

என் கால்கள் நன்றாக இருந்தன. அதனால் எனக்கு அப்பா கிடைக்கவில்லை. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது? உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் யாரும் தன் குதிகாலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒருமுறையாவது விழித்திருக்கலாம். அவர் அங்கேதான் நின்றிருக்கிறார், விழித்துக்கொண்டு. நான் தூங்கிக்கொண்டு. பிறகு நான் அவர் கதவில் கையை வைத்துக்கொண்டு. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் எழுப்பாமல் பார்த்துக்கொண்டோம்.

நான்கு வரி கொடுத்துவிட்டேன்:

இரவில் ரொட்டி சுட்டார்.
பகல்களை மகள்களுக்கு வைத்திருந்தார்.
ஒருத்தி எடுத்துக்கொண்டாள்.
இன்னொருத்தி தூங்கும்போது வந்து பார்த்துக்கொண்டார்.

சங்கு படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உழைப்பாளின்னு ஒரு வார்த்தை போட மாட்டியா தாயி? ஜனங்க என்ன நெனைப்பாங்க?" முதல் வரிக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவருக்குத் திருப்தி. போகும்போது வாசலில் நின்று வெகுநேரம் மூக்கைச் சிந்தினார். அம்மா "மெல்ல" என்று சொல்லவில்லை.

நூலகத்தில் லீவு சொல்லிவிட்டேன். கீழ்வீட்டம்மா அம்மாவோடு வந்து படுத்துக்கொள்வாள். அவள் குறட்டை விடுவாளாம், பரவாயில்லையா என்று கேட்டாள். விடட்டும் என்றாள் அம்மா.

வருகிறேன்.

சின்னவள்

*

ஜூன் 15

அம்மா,

வந்து சேர்ந்துவிட்டேன். பயணத்தில் ஒரு சிரமமும் இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? குறட்டை பழகிவிட்டதா?

அக்கா இளைத்திருக்கிறாள். முதல் நாள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நேற்று நான் காப்பியைக் கொட்டியதற்குக் கத்தினாள். பக்கத்து அறையில் இருந்த அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

இன்று மதியம் சாப்பிட்டதும் தூங்கிவிட்டாள். ஜன்னலில் திரை கிடையாது இங்கே. முகத்தில் நல்ல வெயில். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். கட்டின்மேல் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அம்மா. வெந்ததற்கு எந்தச் சத்தம், வேகாததற்கு எந்தச் சத்தம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மறுபடி தட்டினேன். கண்ணைத் திறக்காமலேயே, "என்ன சொல்லுது?" என்றாள்.

"இன்னும் வேகல," என்றேன்.

"அப்ப தூங்குறேன்," என்று தூங்கிவிட்டாள்.

கதவைத் திறந்தே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். தொட்டியில் மதியப் பாத்திரங்கள் கிடந்தன. கழுவினேன்.